மயக்க மருந்தில் அப்பா எங்கே போனார்? சிக்கலான அமைப்பு என்றால் அதில் உணர்வு வந்துவிடுமா?

சிக்கல்வாசி எழுதியது:

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், என் ஊர் நாகப்பட்டினம் பக்கத்தில் இருக்கும் சிக்கல். தலைப்பைப் பார்த்துக் கிண்டல் அடிக்க நினைப்பவர்கள் இப்போதே அடித்து முடித்துவிடலாம். நான் கேட்க வந்தது ஊரைப் பற்றி இல்லை, காம்ப்ளெக்ஸிட்டி சயின்ஸ், அதாவது சிக்கலான அமைப்புகளைப் பற்றிய அறிவியல் என்கிறார்களே, அதைப் பற்றி.

போன மாதம் அப்பாவுக்குப் பித்தப்பைக் கல் ஆபரேஷன் நடந்தது. முழு மயக்கம் கொடுத்துத்தான் செய்தார்கள், இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. வெளியே கொண்டுவந்த பிறகு கண் திறந்தவர் கேட்ட முதல் கேள்வி, "இன்னும் ஆரம்பிக்கலையா?" நர்ஸ் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தூங்கி எழுந்தால் கொஞ்ச நேரம் போயிருக்கிறது என்றாவது தெரியும். இவருக்கு அந்த இரண்டு மணி நேரம் நடந்ததாகவே இல்லை. இதயம் துடித்தது, மூச்சை மெஷின் பார்த்துக்கொண்டது, மூளையும் உயிரோடுதான் இருந்தது, ஆள் மட்டும் இல்லை.

அப்பா லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றவர், முப்பது வருஷம் மதகு ஏற்றி இறக்கினவர். எப்படி இருந்தது என்று கேட்டேன். "ஷட்டரை இறக்கின மாதிரி" என்றார், அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. அன்றிலிருந்து மண்டைக்குள் இதுதான் ஓடுகிறது. வழக்கப்படி ஜனவரி 28-ல் மேட்டூரை மூடுகிறார்கள். பங்குனியில் வந்து பார்த்தால் ஆறு வெறும் மணல். கரை, மதகு, வாய்க்கால் எல்லாம் அதே இடத்தில் இருக்கின்றன. தண்ணீர் எங்கே போயிற்று என்று கேட்கலாம், ஆறு எங்கே போயிற்று என்று கேட்டால் ஒரு மாதிரி பார்ப்பார்கள். அப்பாவின் நினைவும் அப்படி ஓர் ஓட்டம்தானா? நின்றது, மறுபடி ஓடியது, அவ்வளவுதானா?

இன்னொன்று. கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரிந்து, அப்புறம் தென்பெரம்பூரில் வெண்ணாற்றிலிருந்து வெட்டாறு பிரிந்து, அப்படியே ஆறு, வாய்க்கால், கன்னி வாய்க்கால் என்று எங்கள் கடைமடை வரைக்கும் வருகிற இந்த அமைப்பை முழுதாகத் தலையில் வைத்திருக்கிற ஆள் ஒருவர்கூடக் கிடையாது. அவரவருக்கு அவரவர் மடைதான் தெரியும். ஆனாலும் எப்படியோ ஓர் ஒழுங்கு வந்துவிடுகிறது. ஏராளமான சின்னப் பாகங்கள் சேர்ந்து, எந்தப் பாகத்திலும் இல்லாத ஒன்று மொத்தத்தில் தலைகாட்டுவதைத்தான் எமர்ஜென்ஸ் என்கிறார்களாம். மூளையில் 8,600 கோடி நரம்புச் செல்கள் சேர்ந்ததும் உணர்வு "தோன்றுகிறது" என்று அதே வார்த்தையைப் போட்டு முடித்துவிடுகிறார்கள். அப்படியானால் டெல்டாவுக்கும் ஏதோ கொஞ்சமாவது உணர்வு இருக்க வேண்டாமா? இல்லை என்றால் என்ன குறைகிறது? விளையாட்டாகக் கேட்கவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள். வேதாந்தம் மட்டும் வேண்டாம், அது வீட்டிலேயே தாராளமாகக் கிடைக்கிறது.

வெண்ணாற்றங்கரை எழுதியது:

சிக்கலில் வேல் வாங்கினால் செந்தூரில்தானே சம்ஹாரம், பதிலும் இங்கே கிடைக்காது தம்பி, கொஞ்ச தூரம் போக வேண்டும். சரி, கிண்டல் முடிந்தது.

சிக்கல் என்ற சொல்லே ஆளைக் குழப்பும். அறுவடை மெஷினைப் பாருங்கள், ஆயிரக்கணக்கான பாகம், ஆனால் கழற்றி மாட்டத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் இருந்தால் போதும். அறுவடை முடிந்த வயலில் மேய்கிற வாத்துக் கூட்டம் வேறு ரகம். ஆயிரம் வாத்து ஒரே உடம்பு மாதிரி திரும்பும், ஆனால் எந்த வாத்துக்குள்ளும் அந்தத் திருப்பம் இல்லை. பக்கத்து வாத்தோடு மோதாதே, அது போகிற திசையில் போ, கூட்டத்தை விட்டு விலகாதே, இந்த மூன்றே விதியை வைத்து 1987-ல் கிரெய்க் ரெனால்ட்ஸ் என்பவர் கணினியில் பறவைக் கூட்டத்தை ஓடவிட்டுக் காட்டினார். பாகங்கள் என்ன என்பதைவிட அவற்றுக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்பதுதான் இந்தத் துறை. நியூ மெக்ஸிகோவில் சான்டா ஃபே இன்ஸ்டிட்யூட் என்று 1984-ல் ஆரம்பித்தார்கள், இயற்பியல்காரர், பொருளாதாரக்காரர், உயிரியல்காரர் எல்லாரும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து பேசுகிற இடம்.

நீங்கள் சொன்ன பாசன உதாரணத்தை உண்மையிலேயே கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள், இங்கே இல்லை, பாலியில். அங்கே சுபாக் என்று விவசாயிகள் சங்கம், ஒவ்வொன்றும் ஒரு வாய்க்காலைப் பங்கிட்டுக்கொள்கிறது, எப்போது நடவு, எப்போது தரிசு என்று நீர்க் கோயில்களில் கூடிப் பேசி முடிவு செய்வார்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் நட்டு ஒரே நேரத்தில் அறுத்தால் நெல்லைத் தாக்கும் புகையான் பூச்சிக்குத் தின்ன ஒன்றும் இல்லாமல் செத்துப்போகும், ஆனால் எல்லாருக்கும் ஒரே நாளில் தண்ணீர் வேண்டும், அடிதடிதான். ஆளுக்கொரு நாள் நட்டால் தண்ணீர் போதும், புகையானுக்கு வருஷம் முழுக்க விருந்து. 1970-களில் பசுமைப் புரட்சி வந்து முடிந்தவரை அடிக்கடி நடு என்று சொன்னதில் இரண்டும் கெட்டது. ஸ்டீபன் லான்சிங் என்ற மானிடவியலாளரும் ஜேம்ஸ் கிரெமர் என்ற சூழலியலாளரும் 172 சுபாக்குகளைக் கணினியில் வைத்து, "பக்கத்தில் யாருக்கு நல்ல விளைச்சலோ அவர் செய்ததை அடுத்த போகம் நீயும் செய்" என்று ஒரே ஒரு விதியைக் கொடுத்தார்கள். சில போகங்களிலேயே பகுதி பகுதியாக ஒத்துப்போய், நீர்க் கோயில்கள் காலங்காலமாக நடத்துகிற ஏற்பாட்டைப் போன்ற ஒன்று திரையில் வந்து நின்றது. 1993-ல் வந்த கட்டுரை அது.

உங்கள் கேள்விக்கு இதில் என்ன இருக்கிறது என்றால், அந்தக் கணினியில் ஒழுங்கு வந்தது, ஆனால் ஒளிவு மறைவு ஒன்றும் மிச்சமில்லை. ஒவ்வொரு சுபாக்கும் என்ன செய்தது என்று வரிசையாகச் சொன்னால் மொத்தமும் சொல்லி முடிந்துவிடும். உணர்வு அப்படிச் சொல்லி முடிகிற விஷயமா என்பதுதான் சண்டையே. எனக்குத் தெரியாது, நான் பாசனத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

நெல்அம்பாரம் எழுதியது:

நான் கொள்முதல் நிலையத்தில் வேலை பார்த்தவன், நெல் குவியலைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்தவன், அதனால் இதை எழுதாமல் போக மனசு வரவில்லை. உணர்வு இருக்கட்டும், முதலில் அரிசி.

1987-ல் பெர் பாக் என்பவரும் இன்னும் இரண்டு பேரும் மணல் குவியல் கணக்கு ஒன்று போட்டார்கள். குவியல் மேல் ஒவ்வொரு மணலாகப் போட்டுக்கொண்டே போனால், அது தானாகவே விழலாமா வேண்டாமா என்கிற விளிம்புக்கு வந்து நிற்கும். அடுத்த மணலில் ஒன்றுமே நடக்காமல் போகலாம், நாலு மணல் உருளலாம், ஒரு பக்கமே சரிந்து வரலாம். சின்னச் சரிவு நிறைய, பெரிய சரிவு கொஞ்சம், நடுவில் "வழக்கமான அளவு" என்று ஒன்றே கிடையாது. ஆனால் நிஜ மணலில் இது சரியாக வரவில்லை. 1996-ல் நார்வேயில், ஆஸ்லோவில் அரிசியை எடுத்துப் பார்த்தார்கள். ஆமாம், நாம் சோறாக்குகிற அரிசிதான். இரண்டு கண்ணாடிப் பலகைக்கு நடுவில் மெதுவாக அரிசியைக் கொட்டிச் சரிவுகளை அளந்ததில், நீள அரிசி அந்தக் கணக்குக்கு ஒத்து வந்தது, குண்டு அரிசி வரவில்லை! நீள அரிசி ஒன்றின்மேல் ஒன்று படுத்துச் சிக்கிக்கொள்ளும், வழுக்கி ஓடாது. எங்கள் நிலையத்தில் மூட்டை தூக்குகிறவர்களிடம் கேட்டிருந்தால் நார்வே போகாமலே சொல்லியிருப்பார்கள் என்று நினைக்கிறேன், ஆனால் யாரும் கேட்கவில்லை.

இது எதற்கு என்றால், 2003-ல் ஜான் பெக்ஸ், டீட்மர் பிளென்ஸ் இருவரும் எலி மூளையின் புறணித் துண்டை, அதாவது மேலடுக்கின் துண்டைத் தட்டில் உயிரோடு வைத்து மின்முனைகளால் கேட்டபோது, நரம்புச் செல்களின் மின் துடிப்புகளும் அதே மாதிரி சரிவுகளாக வந்தன. ஒரு செல் தூண்டப்பட்டால் அது சராசரியாக இன்னும் ஒன்றைத் தூண்ட வேண்டும். ஒன்றுக்குக் குறைந்தால் சேதி நடுவழியில் அணைந்துபோகும். ஒன்றுக்கு மேல் போனால் எல்லாம் சேர்ந்து பற்றிக்கொள்ளும், வலிப்பு அந்த மாதிரிதான். அந்த நடு விளிம்பில்தான் மூளை நிற்கிறது என்று ஒரு கட்சி இருக்கிறது, அதை மறுக்கிற கட்சியும் இருக்கிறது.

ஆனால் பாருங்கள் சிக்கல்வாசி, அதே விளிம்பில் அரிசிக் குவியலும் நிற்கிறது. அரிசிக்கு வலிக்கிறதா? தட்டில் இருந்த மூளைத் துண்டுக்கு? அதனால் விளிம்பு என்பது வேண்டிய ஒன்றாக இருக்கலாம், போதுமானது இல்லை. எமர்ஜென்ஸ் என்ற வார்த்தை ரொம்ப மலிவு, அரிசிக்கடையிலேயே கிடைக்கிறது.

தஞ்சைதியேட்டர் எழுதியது:

சினிமா தியேட்டர் இல்லை, ஆபரேஷன் தியேட்டர். மயக்கம் கொடுக்கும் டாக்டர்களுக்கு உதவியாளராகப் பதினாறு வருஷமாக இருக்கிறேன். "இன்னும் ஆரம்பிக்கலையா" என்று வாரத்துக்கு ஒருவராவது கேட்பார், உங்கள் அப்பா தனி ஆள் இல்லை. எங்களுக்கு அது நல்ல சேதி.

முதலில் ஒரு தப்பைத் திருத்திவிடுகிறேன். ஷட்டரை இறக்கினதும் ஆறு வற்றியது என்கிற மாதிரி மூளை நிற்பதில்லை. மயக்கத்திலும் செல்கள் வேலை செய்துகொண்டுதான் இருக்கின்றன, மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்கிற இஇஜி எடுத்தால் அலை பெரிது பெரிதாக வரும். ஓடுவது ஓடுகிறது, ஓடுகிற விதம்தான் மாறுகிறது. அதனால் வற்றின ஆறு உவமை அழகாக இருந்தாலும் பொருந்தாது, மன்னிக்கவும்.

அந்த விதத்தை அளக்க ஒரு வழி கண்டுபிடித்தார்கள். இத்தாலியில் மார்செல்லோ மாசிமினி குழு, 2013-ல் வெளியிட்டது. தலைக்கு வெளியே ஒரு காந்தச் சுருளை வைத்து மூளையின் ஓர் இடத்தைக் காந்தத் துடிப்பால் ஒரு தட்டு தட்டுவார்கள். அந்தத் தட்டின் எதிரொலி மற்ற இடங்களுக்கு எப்படிப் போகிறது என்று இஇஜியில் பார்ப்பது. டீக்கடை மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். காலையில் ஒரு சேதியைப் போடுகிறோம். யாரும் காதில் வாங்காமல் சேதி அந்த பெஞ்சிலேயே செத்துப்போனால் அது ஒரு வகை. கடை முழுக்க ஒரே குரலில் "ஆ" என்று கத்திவிட்டு அடங்கினால் அது இன்னொரு வகை. ஆழ்ந்த தூக்கத்திலும் மயக்கத்திலும் இந்த இரண்டில் ஒன்றுதான். விழித்திருக்கிறவர் மூளையில் சேதி கடை முழுக்கப் போகும், ஆனால் ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்வார், ஒருவர் சொன்னதைக் கேட்டு இன்னொருவர் மாற்றிச் சொல்வார், அதைக் கேட்டு முதல் ஆள் மறுபடி பேசுவார். இந்த எதிரொலியை எடுத்து, நாம் கணினியில் ஃபைலை ஜிப் செய்கிற மாதிரி சுருக்கிப் பார்க்கிறார்கள். "எல்லாரும் ஆ என்றார்கள்" என்பதை ஒரு வரியில் எழுதிவிடலாம், நன்றாகச் சுருங்கும். விழித்த மூளையைச் சுருக்க முடியாது. 0 முதல் 1 வரை ஒரு எண் வரும், அதில் 0.31 என்பதைக் கோடாக வைத்திருக்கிறார்கள், கோட்டுக்கு மேலே என்றால் உணர்வு இருக்கிறது என்று கொள்கிறார்கள்.

எனக்குப் பிடித்த இடம் இதுதான். புரோபோஃபால், கெட்டமின் இரண்டும் மயக்க மருந்துகள். புரோபோஃபால் கொடுத்தவருக்கு எண் கீழே போகிறது. கெட்டமின் கொடுத்தவருக்குக் கீழே போவதில்லை, அவரும் கூப்பிட்டால் அசையமாட்டார், ஆனால் எழுந்ததும் என்னென்னவோ கனவு சொல்வார். எங்கள் தியேட்டரில் கெட்டமின் போட்டு எழுந்த ஒரு பெரியவர் தன்னை யாரோ வைக்கோல் போருக்குள் வைத்துத் தைத்துவிட்டதாகச் சொல்லி அழுதார். வெளியே பார்த்தால் இரண்டு பேரும் ஒரே மாதிரி கிடப்பார்கள், உள்ளே ஒருவர் இருக்கிறார், ஒருவர் இல்லை. கனவு காணும் தூக்கத்திலும் எண் மேலேதான் இருக்கிறது.

அசையாமல் கிடப்பவருக்கு நினைவு இல்லை என்று சொல்வதில் நாங்கள் எல்லாருமே அவசரப்படுகிறோம் என்று நினைக்கிறேன். 2006-ல் ஏட்ரியன் ஓவன் குழு, விபத்துக்குப் பிறகு எந்தப் பதிலும் தராத ஒரு இளம்பெண்ணை ஸ்கேனரில் வைத்து "டென்னிஸ் ஆடுவதாக நினை" என்றபோது, நல்ல உடம்போடு இருப்பவருக்கு வேலை செய்கிற அதே மூளைப் பகுதி அவருக்கும் வேலை செய்தது. 2024-ல் வந்த ஆய்வு ஒன்றில், சொன்னதற்கு எந்த அசைவும் காட்டாத 241 பேரைப் பார்த்ததில் 60 பேருக்கு உள்ளே சொன்னபடி செய்கிற அடையாளம் இருந்தது. நாலில் ஒருவர். இதைப் படித்த நாளிலிருந்து கட்டில் ஓரத்தில் நின்று சொத்து பற்றிப் பேசுகிற சொந்தக்காரர்களை வெளியே போகச் சொல்லிவிடுகிறேன்.

கோட்டுப்புள்ளி எழுதியது:

டீக்கடை உவமைக்கு ஒரு கும்பிடு, அக்காவா அண்ணனா தெரியவில்லை. அங்கிருந்தே தொடர்கிறேன், ஏனென்றால் அந்த எண்ணுக்குப் பின்னால் இருக்கிற கொள்கைதான் சிக்கல்வாசி கேட்டதற்கு நேரான பதில், சரியான பதிலா என்பது வேறு.

கியூலியோ டொனோனி 2004-ல் முன்வைத்தது, ஒருங்கிணைந்த தகவல் கோட்பாடு என்று தமிழில் சொல்லலாம். பாகங்களின் எண்ணிக்கை முக்கியமே இல்லை என்கிறது அது, பாகங்கள் ஒன்றையொன்று எவ்வளவு பின்னிப் பாதிக்கின்றன என்பதற்கு ஒரு மதிப்பெண் போட்டு, அதை வைத்துத்தான் உணர்வைச் சொல்கிறது. உங்கள் 8,600 கோடியில் சுமார் 6,900 கோடி பின்னந்தலையில் இருக்கிற சிறுமூளையில்தான் இருக்கிறது, முக்கால் பங்குக்கும் மேலே. ஆனால் சிறுமூளையே இல்லாமல் பிறந்த 24 வயதுப் பெண் ஒருவரைப் பற்றி 2014-ல் சீனாவிலிருந்து எழுதினார்கள், நடக்கவும் பேசவும் தாமதமாகத்தான் வந்தது, தலைசுற்றல் இருந்தது, ஆனால் ஆள் இருந்தார், பேசினார், கல்யாணம் செய்து குழந்தையும் பெற்றார். அவ்வளவு செல் இல்லாமலும் உணர்வு போகவில்லை. காரணம் என்ன என்றால், சிறுமூளை தனித்தனிப் பாத்தியாகக் கிடக்கிறது, ஒரு பாத்தியில் நடப்பது அடுத்த பாத்திக்குப் பெரிதாகப் போவதில்லை. பெருமூளைப் புறணியில் போனது திரும்பி வரும், வந்தது மறுபடி போகும்.

இப்போது டெல்டாவைப் பாருங்கள். கல்லணையிலிருந்து தண்ணீர் கீழேதான் ஓடும். கடைமடையான சிக்கலில் நடப்பது மேலே இருக்கிற திருக்காட்டுப்பள்ளி வாய்க்காலைத் தொடவே தொடாது. ஒரே திசையில் ஓடுகிற எந்த அமைப்புக்கும் இந்தக் கொள்கையில் மதிப்பெண் சுத்தமாகப் பூஜ்யம், எத்தனை லட்சம் ஏக்கர் பாய்ந்தாலும் சரி. கடைமடையிலிருந்து மேலே போவது என்று ஏதாவது இருக்கிறதா என்றால் இருக்கிறது, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் கொடுக்கிற மனுவும், அது பலிக்காவிட்டால் சாலை மறியலும்! அதையும் சேர்த்தால் வட்டம் கொஞ்சம் மூடுகிறது, மதிப்பெண் பூஜ்யத்துக்கு மேலே வரும். ஆனாலும் டெல்டாவுக்கு உணர்வு வராது, ஏனென்றால் அதே கொள்கையில் இன்னொரு நிபந்தனை இருக்கிறது. ஒன்றுக்குள் ஒன்றாக இருப்பவற்றில் எதற்கு மதிப்பு அதிகமோ அதற்குத்தான் உணர்வு. தனி மனிதன் மூளைக்குள் இருக்கிற பின்னல் மனுவாலும் மறியலாலும் ஆன பின்னலைவிட எவ்வளவோ அடர்த்தி, அதனால் மறியலில் உட்கார்ந்திருக்கிற ஒவ்வொருவருக்கும் உணர்வு உண்டு, மறியலுக்குக் கிடையாது.

நான் இந்தக் கொள்கைக்கு வக்காலத்து வாங்கவில்லை. 2014-ல் ஸ்காட் ஆரன்சன் என்ற கணினி அறிஞர், ஒன்றுமே செய்யாத எளிய கட்டம் கட்டமான சர்க்யூட்டை எடுத்துக்கொண்டு, உங்கள் கணக்குப்படி பார்த்தால் இது மனிதனைவிட அதிகமாக உணர வேண்டும் என்று காட்டினார். டொனோனி மறுப்பார் என்று பார்த்தால், ஆமாம், உணரும் என்றார். நூற்றுக்கு மேற்பட்ட ஆராய்ச்சியாளர்கள் 2023-ல் இதைப் போலி அறிவியல் என்றே கையெழுத்துப் போட்டு எழுதினார்கள், எனக்கு அது கொஞ்சம் அதிகம் என்று படுகிறது. இதையும் இதன் போட்டிக் கொள்கையையும், அதாவது மூளைக்குள் ஒரு பொதுமேடை இருக்கிறது, அதில் ஏறிய சேதி மட்டும்தான் உணர்வு என்கிற கொள்கையையும், 256 பேரை வைத்துச் சோதித்து 2025-ல் வெளியிட்டார்கள். இரண்டும் சொன்னது சில இடங்களில் நடந்தது, முக்கியமான சில இடங்களில் இரண்டுமே சறுக்கியது.

நண்டுவளை எழுதியது:

எல்லாரும் நன்றாக எழுதியிருக்கிறீர்கள், ஆனால் நைசாக ஒரு வாய்க்காலைத் தாண்டிவிட்டீர்கள். எண் மேலே, எண் கீழே, பின்னல் அடர்த்தி, எல்லாம் சரி. அந்த அடர்த்தி ஏன் வலிக்க வேண்டும்? இதையெல்லாம் செய்துகொண்டு உள்ளே ஆளே இல்லாமல் ஒரு மூளை ஓடக் கூடாதா? டேவிட் சால்மர்ஸ் 1990-களில் எழுப்பிய கேள்வி இது. 1998-ல் கிறிஸ்டோஃப் காக் என்ற மூளை ஆராய்ச்சியாளர் இன்னும் 25 வருஷத்தில் உணர்வின் நரம்பு அடையாளத்தைப் பிடித்துவிடுவோம் என்று சால்மர்ஸிடம் பந்தயம் கட்டினார், 2023-ல் நியூயார்க்கில் மேடை ஏறி ஒயின் பாட்டில்களைக் கொடுத்துத் தோல்வியை ஒப்புக்கொண்டார். பந்தயம் அடையாளத்தைப் பற்றித்தான், ஏன் என்பதைப் பற்றிக்கூட இல்லை. அதுவே தோற்றது.

நமக்கு மொழியிலேயே ஒரு குழப்பம் இருக்கிறது, கவனித்தீர்களா? நினைவு என்றால் ஞாபகமும் அதுதான், சுயநினைவும் அதுதான். "நினைவு தப்பிடுச்சு" என்போம். சிக்கல்வாசியின் அப்பாவுக்கு அந்த இரண்டு மணி நேரம் உணர்வு இல்லையா, அல்லது இருந்து அதன் ஞாபகம் மட்டும் பதியவில்லையா? அவர் எழுந்து சொன்னதை மட்டும் வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. தஞ்சைதியேட்டர் சொன்ன தட்டும் கருவி அதனால்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது, ஆளை எழுப்பிக் கேட்காமல் அந்த நேரத்திலேயே பார்க்கிறது.

உணர்வு இருக்கிறது, இல்லை என்று இரண்டே பெட்டி போட வேண்டியதும் இல்லை. தொல்காப்பிய மரபியலில் புல்லுக்கும் மரத்துக்கும் ஓரறிவு, கறையானுக்கும் எறும்புக்கும் மூன்று, நண்டுக்கும் தும்பிக்கும் நான்கு என்று படி கட்டி வைத்திருக்கிறார்கள். அது புலன்களின் கணக்கு, நாம் பேசுகிற உணர்வு இல்லை, பழைய ஆட்களுக்கு எல்லாம் தெரியும் என்று ஆரம்பித்துவிடாதீர்கள். ஆனால் படிப்படியாகப் பார்க்கிற பழக்கம் நல்ல பழக்கம். பிரிட்டனில் 2021-ல் ஜொனாதன் பிர்ச் குழு ஆதாரங்களைச் சேர்த்து அறிக்கை கொடுத்த பிறகு, 2022-ல் வந்த விலங்கு நலச் சட்டத்தில் நண்டும் ஆக்டோபஸும் உணர்வுள்ளவை என்று சேர்த்தார்கள். காலிச் சங்கு ஓட்டுக்குள் குடியிருக்கிற துறவி நண்டுக்கு லேசாக ஷாக் கொடுத்தால் ஓட்டை விட்டு வெளியே வருகிறது, ஆனால் ஓடு அதற்குப் பிடித்த ஓடாக இருந்தால் கூடுதலாகத் தாங்கிக்கொள்கிறது. பிடிக்கும் பிடிக்காது என்று எடை போடுகிற ஒன்று உள்ளே இருக்கிறது என்றுதானே அர்த்தம்? எங்கள் வரப்பை ஓட்டை போடுகிற வயல் நண்டை உயிரோடு கொதிக்கிற தண்ணீரில் போட்டு ரசம் வைக்கிற வீடுதான் எங்களுடையது. ரசத்தை விடவில்லை. அம்மாவிடம் முதலில் கொன்றுவிட்டுப் போடு என்று சொல்லிப் பார்த்தேன், உனக்குச் சளி பிடிக்கும்போது பார்த்துக்கொள்கிறேன் என்றார்.

சிக்கல்வாசி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. தஞ்சைதியேட்டர் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன், வற்றின ஆறு இல்லை, ஒரே அலையாகப் போகிற ஆறு என்று வைத்துக்கொள்கிறேன்.

நேற்று ராத்திரி அப்பாவுக்கு இதையெல்லாம் படித்துக் காட்டினேன். மூளை பற்றியதில் பாதி நேரம் கொட்டாவி விட்டார். நெல் குவியலுக்கு நிமிர்ந்து உட்கார்ந்தார். பாலி வந்தபோது கோபம் வந்துவிட்டது. பாலி மேல் இல்லை, நான் கேள்வியில் எழுதியதன் மேல். "எப்படியோ ஒழுங்கு வந்துடுச்சுன்னு எழுதியிருக்கியே, எப்படியோவா வந்துச்சு? முறை வச்ச நாளெல்லாம் டார்ச் லைட்டோட மதகுல யாரு படுத்துக் கிடந்தா? மேல்மடைக்காரன் ராத்திரி ரெண்டு மணிக்குப் பலகையைத் தூக்குவான்னு எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும்னு அவனுக்கும் தெரியும், அதனாலதான் தூக்கல. தானா நடந்ததாம்!"

நான் பதில் சொல்லவில்லை. ஆனால் படுத்த பிறகு யோசித்தால் என் கேள்வியே தலைகீழாக இருக்கிறது. டெல்டாவின் ஒழுங்குக்குள் பாகங்களாக இருப்பவர்கள் எல்லாரும் ஏற்கெனவே விழித்திருக்கிற மனிதர்கள், பயம், பொறாமை, கண்விழிப்பு எல்லாம் உள்ளே போட்டுத்தான் அந்த ஒழுங்கு வருகிறது. கணினியில் ஒரே விதியால் வந்தது என்றால், அந்த விதியில் "பக்கத்து ஆளைப் பார்" என்று ஒரு வார்த்தை இருக்கிறதே, அதைப் பார்க்க ஒரு ஆள் வேண்டாமா, நிஜத்தில்? மூளையில் நடப்பது இதற்கு எதிர்ப்பக்கம். அங்கே மதகுக் காவலுக்கு யாருமே இல்லை, நரம்புச் செல்லுக்குப் பொறாமை கிடையாது, அப்படியிருந்தும் காவல்காரர் வருகிறார். விழித்தவர்களைச் சேர்த்து ஒழுங்கு செய்வது வேறு, விழிக்காதவற்றைச் சேர்த்து விழித்த ஒருவரைச் செய்வது வேறு. நான் முதலாவதைக் காட்டி இரண்டாவதைக் கேட்டுவிட்டேன்.

கோட்டுப்புள்ளி எழுதியது:

அப்பா பாதி சரி. கணினியில் "பார்" என்பது வெறும் இரண்டு எண்ணை ஒப்பிடுவதுதான், அதற்கு ஆள் வேண்டாம், அப்படியும் ஒழுங்கு வந்ததே. அதனால் டெல்டாவை விழித்திருக்கிறவர்கள் நடத்துகிறார்கள் என்பதற்காக விழிப்பு இல்லாமல் அதை நடத்தவே முடியாது என்று ஆகிவிடாது. ஆனால் பலகையைத் தூக்காதது பற்றி அவர் சொன்னாரே, எனக்குத் தெரியும் என்று அவனுக்குத் தெரியும் என்று, அது அந்த ஒரு வரி விதியில் இல்லை. அதை மாடலில் எப்படிப் போடுவது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன், தூக்கம் போச்சு.

நெல்அம்பாரம் எழுதியது:

உடைந்த ஷோகேஸ் கண்ணாடி இரண்டு கிடந்தது, நடுவில் பொன்னியைக் கொட்டிப் பார்த்தேன். சரிவு வருகிறது, அளக்கத்தான் தெரியவில்லை, வீட்டில் திட்டு. அடுத்து சீரகச் சம்பா, அது குட்டையாக இருக்கிறதே, ஆஸ்லோ கணக்கு வராது என்று நினைக்கிறேன். விலை அதிகம் என்று கால் கிலோதான் கொடுத்தார்கள்.

வெண்ணாற்றங்கரை எழுதியது:

தம்பி, அப்பாவுக்குத் தையல் பிரித்தாயிற்றா?

சிக்கல்வாசி எழுதியது:

பிரித்தாயிற்று அண்ணே. கொஞ்ச நாளைக்கு எண்ணெய்ப் பலகாரம் கூடாது என்றிருக்கிறார்கள், அதைத்தான் காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்.